வெறும் வெத்திலையும் பாக்கும்தான்

மாமாவால் வாயை மூன்று விரல் அகலத்துக்குத் திறக்க முடியவில்லை. இரண்டு விரலே இறுக்கித்தான் நுழைந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்பவர், வயது 58. ஒரு வருடமாகவே உறைப்புக் கறி வாயில் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியும் மிளகாய்த்தூளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சாப்பாடு சொதியும் சோறும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னோடு கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். பல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி நாங்கள் எதிர்பார்த்ததுதான். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்: "புகையில தொடுறதே இல்ல டொக்டர். வெறும் வெத்திலையும் பாக்கும்தான்."

வைத்தியர் கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "பாக்குத்தான் ஐயா இதைச் செய்யிறது" என்றார். வீடு வந்து சேரும்வரை மாமா அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அரை மனதோடுதான் இருந்தேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் புகையிலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாக்கைப் பற்றி ஒரு வரி சொன்னதாக நினைவில்லை.

அப்புறம் தேடி வாசித்தபோது ஒரு விசயம் தெரிந்தது. மாமா சொன்ன அந்த வாக்கியம் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டிருந்த வாக்கியம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1985இல் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. புகையிலை சேர்ந்த கூட்டு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை சேராத கூட்டைப் பற்றி அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை. இதே நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலைக் கூட்டு புற்றுநோய்க் காரணிதான். அதற்கும் மேலாக, பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதலாம் பிரிவில், புகைத்தலும் அஸ்பெஸ்டசும் இருக்கிற அதே இடத்தில், பாக்கும் சேர்ந்தது. இடையில் கழிந்த 19 வருடங்களில் ஆய்வுகூடங்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில் இதை ஒரு கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. கலியாணத்துக்குச் சொல்லப் போனாலும் வெற்றிலை, கோயில் சடங்கில் மடை வைத்தாலும் வெற்றிலை. களுவாஞ்சிகுடியோ காத்தான்குடியோ அக்கரைப்பற்றோ, தமிழர் வீடோ முஸ்லிம் வீடோ, பழைய வீடென்றால் பித்தளை வெற்றிலை வட்டா ஒன்று ஏதாவது மூலையில் இருக்கும். வந்தவருக்கு வட்டாவை நகர்த்தி வைத்தால்தான் வரவேற்றதாக அர்த்தம். வயல் வட்டையில் காவலிருக்கும் இரவுக்கும், விடியற்காலையில் வலை இழுக்கப் போகிறவருக்கும் அது துணை. இதே இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யாருக்கும் சுகமான வேலையில்லை. அதனால்தானோ என்னவோ, பழியெல்லாம் புகையிலைத் துண்டின் மேல் விழுந்தபோது எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

சந்தேகம் புதிதாக வந்ததுமில்லை. 1949இலேயே பாலேந்திரா என்பவர், வெற்றிலை சப்புவதற்கும் கன்னப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் எது குற்றவாளி என்று பிரிப்பதுதான் கடினம். இலங்கையிலும் இந்தியாவிலும் சப்புகிறவர்களில் பெரும்பாலானோர் புகையிலையையும் சேர்ப்பார்கள். கூடவே சிலர் சுருட்டும் குடிப்பார்கள், சாராயமும் குடிப்பார்கள். நான்கு பேர் ஒன்றாகத் திருடினால் யார் பூட்டை உடைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி காட்டியவை புகையிலை சேர்க்காமலே பாக்குச் சப்பும் ஊர்கள். தைவானில் பச்சைப் பாக்கைச் சுண்ணாம்போடு சப்புவார்கள். கூட்டில் புகையிலை கிடையாது. அங்கேயும் வாய்ப் புற்றுநோய் ஏறிக்கொண்டே போனது. அவர்களில் பலர் சிகரெட் குடிப்பவர்கள் என்பதால், புகைத்தலின் பங்கைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். பாக்கின் பங்கு கழியாமல் நின்றது. தென்னாபிரிக்காவின் நேட்டாலில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அவர்களில் பலர் பாக்கை மட்டும் சப்புவார்கள், புகைப்பவர்கள் மிகச் சிலர். அங்கும் வாய்ப் புற்றுநோய் இருந்தது.

நம்முடைய பக்கத்துச் சான்றும் உண்டு. வாய் இறுகும் நோயுள்ள 74 பேரையும் நோயில்லாத 74 பேரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று இலங்கையிலிருந்து 2006இல் வெளியானது. வெற்றிலைக் கூட்டு, புகைத்தல், மது என்ற மூன்றில் அந்த நோயோடு தொடர்பு காட்டியது வெற்றிலைக் கூட்டு ஒன்றே.

சரி, ஊர்களை ஒப்பிட்டால் சந்தேகம் பலப்படும், அவ்வளவுதான். எப்படி நடக்கிறது என்று காட்டினால்தான் மாமா போன்றவர்கள் வாயடைப்பார்கள். அதற்குப் பாக்கை உடைத்து உள்ளே பார்க்க வேண்டும்.

பாக்கில் நான்கு முக்கியமான அல்கலோயிட்டுகள் (உடம்பில் வினை செய்யும் தாவரப் பொருள்கள்) உண்டு. அவற்றில் பெரியவர் அரிக்கோலின். முதல் பாக்குத் தின்றவருக்கு வேர்த்துக் கொட்டுவதும், காது சூடாவதும், வாய் ஊறுவதும், தலை கிறுகிறுப்பதும் இதன் வேலை. எங்கள் பக்கத்தில் இதைப் 'பாக்கு வெறி' என்போம். நரம்பு முனைகளில் இயல்பாகச் சுரக்கும் ஒரு இரசாயனத்தின் இருக்கையில் அரிக்கோலின் போய் உட்கார்ந்துகொள்வதால் வருகிற கிறக்கம் அது. நிக்கொட்டின், மது, கஃபீன் மூன்றுக்கும் அடுத்து உலகில் அதிகம் பேர் பாவிக்கும் கிளர்ச்சிப் பொருள் பாக்குத்தான். ஏறத்தாழ 60 கோடிப் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். புகையிலை இல்லாமலே ஏன் இதை விட முடிவதில்லை என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது.

அரிக்கோலின் தனியாக வந்தால் கன்னத்தின் தோலை அவ்வளவு எளிதாகக் கடக்காது. கதவைத் திறந்துவிடுவது சுண்ணாம்பு. சிப்பி சுட்டதோ கல் சுட்டதோ, நீற்றிய சுண்ணாம்பு என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு; கடுங்காரம். காரத்தில் அரிக்கோலின் ஏற்றமில்லாத மூலக்கூறாக மாறி, கொழுப்பாலான கலமென்சவ்வுக்குள் சுலபமாக நழுவிப் போகிறது. அதோடு நிற்பதில்லை. சுண்ணாம்பின் காரம் அரிக்கோலினின் ஒரு பகுதியை அரிக்கெய்டின் என்ற இன்னொன்றாக உடைக்கிறது. இந்த அரிக்கெய்டினைப் பிறகு சந்திப்போம்.

இப்போது சிவப்புக்கு வருவோம். வாய் நன்றாகச் சிவந்தால் கட்டினவனுக்கு ஆசை அதிகம் என்று எங்கள் பெத்தா (பாட்டி) பேத்திகளைச் சீண்டுவார். வெறும் வெற்றிலையையும் பாக்கையும் சப்பினால் அந்தச் சிவப்பு வராது என்பது சப்புகிற எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு பட்டால்தான் சிவக்கும். பாக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள்களான கட்டச்சின்களும் தனின்களும் காரத்தில் ஒட்சிசனோடு தாக்கமடைவதால் பிறக்கும் நிறம் அது. அந்தத் தாக்கத்தில் நிறம் மட்டும் பிறப்பதில்லை. சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பரவொட்சைட்டு என்ற, கலங்களின் டிஎன்ஏவைக் கடிக்கக்கூடிய ஒட்சிசன் வகைகளும் கூடவே பிறக்கின்றன. 1980களில் ஆய்வுகூடத்தில் பாக்கு நீரின் பிஎச்சை, அதாவது காரத்தின் அளவை, படிப்படியாக உயர்த்திப் பார்த்தபோது, 9.5க்கு மேல் போனதும் இவை உண்டாகத் தொடங்கின. சுண்ணாம்பு தடவிய இடத்தில் வாயின் நிலையும் அந்த அளவை நெருங்கும். அதாவது பெத்தா ஆசையின் அளவுகோலாகப் பார்த்த சிவப்பு, ஆய்வுகூடக்காரருக்கு ஒட்சியேற்றத்தின் அளவுகோல்.

சுண்ணாம்பின் பங்கைப் பற்றி நான் வாசித்ததில் மறக்க முடியாதது பப்புவா நியூகினியிலிருந்து வந்த ஆய்வு, 1992இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நாங்கள் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவி மடிக்கிறோம், அதனால் அது வாய் முழுக்கப் பரவிவிடுகிறது. அங்கே அப்படியில்லை. பாக்கைச் சப்பிக்கொண்டே, குச்சியால் தொட்டு எடுத்த சுண்ணாம்புப் பொடியை வாயின் ஒரு ஓரத்தில் வைப்பார்கள். புகையிலை கூட்டில் இல்லை. வாய்ப் புற்றுநோய் வந்தவர்களைப் பார்த்தபோது, பெரும்பாலானோரின் கட்டி சுண்ணாம்பு வைக்கும் அதே ஓரத்தில், அதே பக்கத்துக் கன்னத்தில் இருந்தது. யாரும் திட்டமிடாமலே அந்த மக்கள் தங்கள் வாய்க்குள் ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டிவிட்டார்கள்.

மாமாவுக்கு வந்தது புற்றுநோய் இல்லை. அதற்கு முந்திய படி என்று சொல்லத்தக்க ஒன்று. மருத்துவப் பெயர் ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார் படிந்து இறுகிப்போவது. 1952இல் சுவார்ட்ஸ் என்பவர் இதை நவீன மருத்துவத்தில் முதலில் விவரித்தபோது அவர் பார்த்தது கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. காரணம் தெரியாததால், காரணமறியா வாய்த்தோல் மெலிவு என்ற பொருளில் ஒரு இலத்தீன் பெயரை வைத்தார். பல வருடங்கள் மிளகாயைக்கூடச் சந்தேகித்தார்கள். உறைப்பு பட்டால் எரிகிறதே, அதனால். காரியத்தைக் காரணமாக நினைத்த கதை. எங்கள் மாமியும் அதே தவறைத்தான் செய்தார், அடுப்படியில்.

மட்டக்களப்பில் பல் மருத்துவ பீடம் கிடையாது. 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்குப் போன பல் மருத்துவப் படிப்புத்தான் இன்றுவரை இந்தத் துறையின் தாய்வீடு. அங்குள்ள வாய் நோயியல் பிரிவுக்கு நாட்டின் பல வைத்தியசாலைகளிலிருந்து இழையத் துண்டுகள் போகின்றன. செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, அப்புறம் பதினெட்டு வளைவும் ஏறிப் போகிற பாதையில், இழையம் அழுகாமல் காக்கும் போமலின் நிறைந்த சின்னப் போத்தலில் உழுந்துமணியளவு கன்னத்துண்டு பயணம் செய்வதை நினைத்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் அதன் நீரை அற்ககோலால் எடுத்துவிட்டு மெழுகில் ஊறவைப்பார்கள். மெழுகோடு சேர்த்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவுவார்கள். பாக்குவெட்டியால் எங்கள் பெத்தா சீவிய மெல்லிய சீவலெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. சீவலுக்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தால் கதை தெரியும்.

நல்ல கன்னத்தில் மேலணி தடிப்பாக, கீழ்ப்பக்கம் விரல் விரலாக இறங்கி நிற்கும். அதன் கீழே தளர்வான இழையம், நிறைய இரத்தக் குழாய். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இறுகிய கன்னத்தில் மேலணி மெலிந்து தட்டையாகிவிடுகிறது. மெலிந்த தோலில் உறைப்பு உடனே நரம்பைத் தொடும், எரிவு அதனால்தான். கீழே கொலாஜன் என்ற புரத நார் பாளம் பாளமாகப் படிந்து கிடக்கும். குழாய்கள் நசுங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கன்னம் சலவைக்கல்லைப் போல வெளிறித் தெரிவது இரத்தம் போகாததால்.

இந்தக் கொலாஜன் எங்கிருந்து வந்தது? அதைச் செய்யும் கலங்களைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, பாக்கு அல்கலோயிட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1980களில் பிரித்தானியாவில் நடந்த பரிசோதனைகளில் கலங்கள் பெருகின, கொலாஜனும் கூடியது. அரிக்கோலினைவிட அரிக்கெய்டின் வேகமாகத் தூண்டியது. சுண்ணாம்பு உடைத்துக் கொடுத்த அதே அரிக்கெய்டின். ஆனால் வேறு ஆய்வுகூடங்களில் செய்தபோது எதிர்மாறாக, அரிக்கோலின் பட்ட கலங்கள் செத்தன, கொலாஜன் குறைந்தது. அளவு கூடினால் நஞ்சாகிவிடுகிறது, அதோடு தட்டில் இரண்டு நாள் வாழ்ந்த கலம் வேறு, இருபது வருடம் பாக்குச் சாற்றில் ஊறிய கன்னம் வேறு. என் பார்வையில் அல்கலோயிட்டை மட்டும் வைத்துக் கட்டிய விளக்கம் முழுமையில்லாதது. அதைவிட உறுதியாக எனக்குப் படுவது மற்ற இரண்டு கண்டுபிடிப்புகள்.

முதலாவது தனின். நைலோன் வருவதற்கு முன் எங்கள் மீன்பிடிகாரர் நூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டுவார்கள். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி இன்னமும் அந்த மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. காயின் துவர்ப்பு நூலில் ஏறினால் வலை உக்காது. தோல் பதனிடுவதும் ஏறத்தாழ இதே வித்தைதான்: தனின் கொலாஜனில் ஏறிக்கொண்டால் அதை அழிக்கும் நொதியங்களால் கடிக்க முடியாது. பாக்குத் துவர்ப்பில் ஊறிய கொலாஜனை ஆய்வுகூடத்தில் அந்த நொதியத்தோடு சேர்த்துவைத்தபோது அது கரையாமல் எதிர்த்து நின்றது. உடம்பு தினமும் பழைய கொலாஜனைக் கரைத்துப் புதிதை வைத்துக்கொண்டிருக்கும். கரைப்பது நின்றுபோனால் கூட்டாமலே குவியும். மாமாவின் கன்னம் உயிரோடு பதனிடப்பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது செப்பு. பேராதனையில் படித்து இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியாற்றிய சமன் வர்ணகுலசூரியவும் உடனாய்வாளர்களும் 1990களில் பாக்குப் பண்டங்களை அளந்து பார்த்தார்கள். செப்பு எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தது. செப்பு ஏன் முக்கியமென்றால், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கயிறாக்கும் லைசில் ஒட்சிடேசு என்ற நொதியம் செப்பு இல்லாமல் வேலை செய்யாது. நோயாளிகளின் கன்ன இழையத்தில் செப்பும் கூடியிருந்தது, அந்த நொதியமும் கூடியிருந்தது. அதாவது இழை கூடுதல், கரைப்பது குறைவு, முடிச்சோ இறுக்கம். வாய் திறக்காததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கேதான் பெத்தா குறுக்கே வருகிறார். அவர் 86 வயது வரை சப்பினார், பல் போன பிறகு சின்ன உரலில் இடித்துச் சப்பினார். வாய் நன்றாகத்தான் திறந்தது, திட்டவும் தடையில்லை. மாமா இதைச் சொல்லித்தான் என்னோடு வாதாடினார். ஒருவரை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது என்பது ஒரு பதில். ஆனால் அதைவிடச் சுவையான பதில் ஒன்று இருக்கிறது. பெத்தாவின் கூட்டில் பாதிக்கு மேல் வெற்றிலை. வெற்றிலையில் ஐதரொக்சி சவிக்கோல், யூஜினோல் போன்ற பொருள்கள் உண்டு. ஆய்வுகூடச் சோதனைகளில் இவை மரபணுச் சேதத்தைக் குறைத்தன, வெற்றிலைச் சாறு கொடுத்த விலங்குகளில் கட்டிகளும் குறைந்தன. கொடி வெற்றிலையைப் பழி சொல்லப் போதிய சான்று இல்லை. கூட்டின் பெயரில் அதன் பெயர் இருப்பதால் பழியும் சேர்ந்து விழுகிறது, பாவம்.

மாமாவின் கூட்டு வேறு. கிளினிக்கில் வெத்திலை என்று சொன்னாலும், கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் வெற்றிலையைத் தேடிப் போவதில்லை. கடையில் பைக்கட்டில் வரும் வறண்ட பாக்குத் தூளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வட்டைக்குப் போய்விடுவார். இலை இல்லை, நீர் இல்லை, செறிந்த பாக்கு மட்டும். ஹைதராபாத்திலிருந்து 1996இல் வெளியான ஆய்வொன்று இந்த வித்தியாசத்தை வருடக் கணக்கில் காட்டியது. பழைய முறையில் வெற்றிலை போட்டவர்களுக்கு வாய் இறுகச் சராசரியாக 8.6 வருடம் எடுத்தது. பைக்கட்டில் வரும் பான் மசாலா, குட்கா தின்றவர்களுக்கு 2.7 வருடம். பாடசாலைப் பையன்களின் பொக்கற்றில் இருப்பது எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை.

பைக்கட்டுப் பண்டங்களில் புகையிலை கலந்தவற்றை 2016இல் இலங்கை தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் புகையிலைச் சட்டத்தின் கை, புகையிலை இல்லாத பாக்குப் பைக்கட்டு வரை நீளாது. மாமாவின் வாக்கியம் சட்டத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

வெற்றிலைக்காரரின் இன்னொரு வாதம் பல்லைப் பற்றியது. சப்புகிறவனுக்குச் சொத்தைப்பல் வராது என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சொத்தை உண்டாவது பக்டீரியா சீனியைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலத்தால். பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சான மிளிரி கரையத் தொடங்கும். சுண்ணாம்பு அமிலத்தை அடக்கும், சப்புவதால் உமிழ்நீரும் பெருகும், பல்லில் படியும் கறையும் ஒரு பூச்சு மாதிரி. ஆனால் சொத்தை இல்லாத வாய் நல்ல வாய் என்று நினைத்தால், மலையகத் தேயிலைத் தொழிலாளரைப் பார்க்க வேண்டும். 1970 முதல் 1985 வரை நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் குழுவும் இரண்டு தோட்டங்களில் 480 ஆண்களின் வாயைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பல் துலக்கும் வழக்கமில்லாதவர்கள், நம் தமிழ் மக்கள்தான். சொத்தை அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் 8 வீதமானவர்களுக்கு முரசு (ஈறு) நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பல்லெல்லாம் போய்விட்டது. 81 வீதம் நடுத்தர வேகம். 11 வீதம் மட்டும் முரசு அழற்சியோடு நின்று தப்பினார்கள். முரசு நோயைப் பற்றி உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தில் இந்த எண்கள் உண்டு. எண்களைத் தந்த தோட்டத்து ஆட்களின் பெயரை யாரும் படிப்பதில்லை. அது வேறு ஒரு நாள் பேச வேண்டிய கதை.

இழையத்தை வெட்டாமலே சேதத்தைப் பார்க்க வழி உண்டா என்று மாமி கேட்டார். உண்டு, அதுவும் நாற்பது வருடப் பழசு. கன்னத்தின் உட்பக்கத்தை மரக்கரண்டியால் மெல்லச் சுரண்டினால் உதிர்ந்த கலங்கள் வரும். கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தால், சில கலங்களில் பெரிய கருவுக்குப் பக்கத்தில் குட்டிக் கரு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கலம் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தத்தின் உடைந்த துண்டு கருவுக்குள் சேராமல் வெளியே தங்கியதன் அடையாளம் அது. கனடாவின் ஸ்டிச் என்பவரின் குழு 1982இல், வெற்றிலை சப்புவோர் வாயில் இந்தக் குட்டிக் கருக்கள் கூடியிருப்பதைக் காட்டியது. கன்னத்தோல் சில வாரங்களில் புதுப்பித்துக்கொள்வதால், பழக்கத்தை விட்டால் எண்ணிக்கை இறங்குவதையும் இதே முறையால் பார்க்கலாம்.

நார் மட்டும் அப்படி இறங்காது. வாய் இறுகியவர்களைக் கேரளத்தில் 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1985இல் வெளியானபோது, 7.6 வீதமானோருக்குப் புற்றுநோயாக மாறியிருந்தது. பாக்கை விட்டால் அந்த ஆபத்துக் குறையும், இறுக்கம் மேலே போவதும் மெதுவாகும். ஏற்கனவே பதனான கொலாஜனைத் திரும்பக் கரைக்க இதுவரை ஆய்வுகூடத்திலிருந்து வந்த மருந்து எதுவும் முழுதாக வெல்லவில்லை. கன்னத்துக்குள் ஸ்டீரொயிட் ஊசியும், இழையத்தை இளக்கும் ஹயலுரோனிடேசு ஊசியும் போடுகிறார்கள். முற்றியவர்களுக்கு நாரை வெட்டிவிடும் சத்திரசிகிச்சை. முன்கூட்டியே பிடிப்பதுதான் மலிவு. அதற்குப் பெரிய கருவியும் தேவையில்லை என்பதை இலங்கையிலேயே காட்டியிருக்கிறார்கள். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து வாய்களைப் பார்க்க வைத்தால் ஆரம்ப மாற்றங்களை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள் என்று வர்ணகுலசூரிய குழுவினர் 1984இல் எழுதினார்கள். வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர் "ஆவென்று திறங்க" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் வெட்கப்படுவார்கள், அது வேறு.

மாமாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த பயிற்சி ஐஸ்கிறீம் குச்சி. ஒரு குச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். முன்பற்களுக்கு நடுவே எத்தனை குச்சியை அடுக்கிச் செருக முடிகிறதோ அத்தனையைச் செருகி, ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இழுபட்டுக் கொடுக்கும் அளவு பார்த்து இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். தொடங்கியபோது 13. பாக்கை விட்டுவிட்டார், புகையிலைதான் காரணம் என்ற கட்சியை இன்னும் விடவில்லை. குச்சிக் கட்டைப் பெத்தாவின் பித்தளை வட்டாவில்தான் வைத்திருக்கிறார். இப்போது 16 நுழைகிறது. இரண்டு மாதமாக அந்தப் பதினாறிலேயே நிற்கிறது.